தண்ணி இருக்கான்னு மட்டும் கேட்டோம்

போன மாதம் நம் கூட்டத்தில் ஒருவர், தஞ்சாவூர் பைபாஸ் பக்கம் வாங்கிய மனையில் போர் போட இடம் பார்க்கக் கூப்பிட்டார் என்று நாலைந்து பேர் போயிருந்தோம். எல்லோருக்கும் அறுபது தாண்டியாயிற்று. ஒருவருக்கு முட்டி, ஒருவருக்குச் சர்க்கரை, எனக்கு இரண்டும். அங்கே ஓர் இளைஞர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு மனையைச் சுற்றி நடந்தார். ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. உடனே நம் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். சுத்த ஏமாற்று என்று பாதிப் பேர், என் மச்சான் வீட்டில் அப்படியே பலித்தது என்று பாதிப் பேர். என்னிடம் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. கருத்து இல்லாமல் இல்லை. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கருத்து இல்லை, அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் வேளாங்கண்ணிக்கு மேற்கே, கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் எல்லா ஊர் வயலையும் நனைத்துவிட்டு, மிச்சம் இருந்தால் எங்களிடம் வரும். வாய்க்காலில் ஓடும்வரை கவலை இல்லை. தை, மாசிக்குப் பிறகு வாய்க்கால் காய்ந்துவிட்டால் பூமிக்குக் கீழே இருப்பதுதான் கதி. அது உப்பு. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குளித்தால் தலைமுடி கயிறாகத் திரிந்துகொள்ளும். அதனால் குடிக்கிற தண்ணீருக்கு எங்கள் பக்கம் தனிப் பேர் உண்டு, நல்ல தண்ணி. மற்றதெல்லாம் வெறும் தண்ணி.

நல்ல தண்ணி இருந்தது பண்ணையின் குளத்தில். பண்ணை நிலத்தில் குடிசை போட்டு, பண்ணை வயலில் வேலை செய்கிற தெரு எங்கள் தெரு. குளத்தின் தென்மூலையை எங்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். மற்றப் படித்துறைகளில் எங்கள் குடத்தின் நிழல்கூட விழக் கூடாது.

நான் சிறுபிள்ளையாக இருந்த சமயம், சர்க்கார் புதிதாக ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. மிராசுதார் நிலத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்தக் குடிசை இருக்கும் மனை சொந்தம் என்று. சட்டத்தைக் கொண்டுவந்தது எங்கள் கட்சி என்பார் சித்தப்பா. கொண்டுவர வைத்தது எங்கள் சங்கம் என்பார் அப்பா. அண்ணன் தம்பி இருவரும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இதற்காகச் சண்டை போடுவார்கள். அம்மா இரண்டு பேருக்கும் குழம்பை ஊற்றிவிட்டு, சட்டம் வந்துச்சே, மனுக் குடுத்தீங்களா என்று கேட்டாள். பிறகுதான் தெருவே சேர்ந்து தாலுக்கா ஆபீசில் மனுக் கொடுத்தது.

மனுக் கொடுத்த மறுநாள், குளத்துக்குப் போன பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள். தென்மூலையில் கருவேல முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தது. பக்கத்தில் காரியக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். பண்ணையார் இருந்தது நாகப்பட்டினத்தில். இங்கே நிலம், ஆள், கூலி எல்லாம் இந்தக் காரியக்காரர் கையில்தான்.

"சொந்தமா மனை கேக்குறவங்க சொந்தமாத் தண்ணியும் வச்சுக்க வேண்டியதுதானே" என்றார் அவர். "மனுவத் திருப்பி வாங்கிக்கங்க. முள்ளு தன்னால வெலகிடும்."

கத்தவில்லை, திட்டவில்லை. நிதானமாகச் சொன்னார். எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது அந்த நிதானத்தின் மேல்தான்.

பஸ் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருந்த பாய், தன் வீட்டுக் கிணற்றில் மொண்டுகொள்ளச் சொன்னார். அவர் வீட்டம்மா கயிறும் வாளியும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, ஒதுங்கி நிற்காமல் எங்களோடு சேர்ந்து இறைப்பார். அந்தத் தண்ணீரில் லேசாகத் துருவாடை அடிக்கும். ஆனால் ஒரு வீட்டுக் கிணறு ஒரு தெருவுக்கு எத்தனை நாள் தாங்கும்? சித்திரை பிறந்ததும் வாளி தரையைத் தட்டியது. சேறு கலங்கி வந்தது. அப்போதும் அவர்கள் வராதே என்று சொல்லவில்லை. அம்மாதான் சொன்னாள், "இனிமே அங்க போயி நிக்கிறது நியாயம் இல்ல. நம்ம தெருவுலயே தோண்டுவோம்."

அம்மா அதிகம் பேசுகிறவள் இல்லை. ஒன்றை முடிவு செய்துவிட்டால் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். அதைப் பார்த்ததும் அப்பா வேறு வேலை இருப்பதாக நகர்ந்துவிடுவார்.

"நம்ம தெரு பூரா உப்பு. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார் அப்பா.

"யாரு தோண்டிப் பாத்தா?"

"எங்க தாத்தா காலத்துல தோண்டுனாங்களாம்."

"அவரு தோண்டுனதுக்கு நீங்க ஏன் கை ஓஞ்சு உக்காந்துருக்கீங்க?"

தெரு ஆண்கள் ஒருவரும் அசையவில்லை. பெண்டாட்டி சொல்லுக்குத் தூக்காத மண்வெட்டியை, வெளியூர்க்காரர் குச்சிக்குத் தூக்குவார்கள் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பாயிடம் சொல்லிவிட்டாள். அவர் கடைக்கு வந்துபோகிறவர்களில் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். கிணறு வெட்டுகிற ஆட்களோடு ஊர் ஊராகப் போய், எங்கே வெட்டலாம் என்று நீரோட்டம் பார்த்துச் சொல்கிறவர். நாங்கள் பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் குச்சிக்காரர்.

ஒரு காலை நேரம் வந்தார். ஒல்லி உடம்பு, முழங்கால்வரை மடித்த வேட்டி. செருப்பைத் தெருமுனையிலேயே கழற்றிவிட்டு, வேப்பமரத்தில் ஒரு கவட்டைக் குச்சியாகப் பார்த்து ஒடித்தார். கவட்டையின் இரண்டு காலையும் இரண்டு கையில் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எங்க தெருவுல தண்ணி இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார் அப்பா.

குச்சிக்காரர் தலையாட்டிவிட்டு நடந்தார். கிழக்கு முனையில் முருங்கைமரத்தடிக்கு வந்ததும் குச்சியின் நுனி கீழே இழுத்தது. அவர் வேண்டுமென்று சாய்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. விடாமல் பிடித்ததில் பட்டை உரிந்து உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. கையை விரித்துக் காட்டினார், சிவந்து போயிருந்தது. பச்சை வேப்பம்பட்டையின் கசப்பு வாடை என் மூக்குவரை வந்தது. அது நடிப்பு என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது.

சித்தப்பாவால் சொல்ல முடிந்தது. பகுத்தறிவுக் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும் முன்வரிசையில் இருக்கிறவர் அவர். "அப்புடியா? கண்ணக் கட்டிக்கிட்டு நடங்க பாப்போம்" என்று, தோளில் கிடந்த கறுப்பு சிவப்புக் கரை போட்ட துண்டை எடுத்தார். அந்தத் துண்டை எங்கள் சித்தியே துவைக்கத் தொடக் கூடாது. அதை எடுத்து வெளியூர்க்காரர் கண்ணில் கட்டுகிறார் என்றால், மனுஷன் எவ்வளவு தீவிரமாக இருந்தார் பாருங்கள்.

குச்சிக்காரர் மறுப்பே சொல்லவில்லை. கண்ணைக் கட்டி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டதும் தடுமாறி நடந்தார். முருங்கையைத் தாண்டிப் போனார், குச்சி அசையவில்லை. எங்கள் ஆட்டுக்கொட்டில் பக்கம் வந்ததும் இழுத்தது. சித்தப்பா கையைத் தட்டினார்.

"அங்க இருந்த ஓட்டம் இங்க எப்புடிங்க வந்துச்சு?"

குச்சிக்காரர் துண்டை அவிழ்த்து, மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கண்ணைத் திறந்துகொண்டே தெருவின் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். குச்சி இங்கே இழுத்தது, அங்கே இழுத்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

"எங்க பக்கம் ஒரு நாள் பூரா நடந்தாலும் ஒரு எடத்துலதாங்க இழுக்கும். இங்க கால வச்ச எடமெல்லாம் இழுக்குது."

"அப்ப நீங்க எதுக்குங்க?" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே ஆண்கள் கலையப் பார்த்தார்கள். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"எங்க தோண்டுனாலும் தண்ணி இருக்குன்னு அவரும் சொல்றாரு, நீங்களும் சொல்றீங்க. அப்ப நடுத்தெருவுல தோண்டுங்க. எல்லா வீட்டுக்கும் ஒரே தூரம்."

மறுநாள் விடிந்ததும் வெட்ட ஆரம்பித்தார்கள்.

மேலே வெள்ளை மணல். முழங்கால் ஆழத்தில் ஈரம். இடுப்பளவு போனதும் பக்கத்திலிருந்து நீர் கசிந்து, குழியின் அடியில் தேங்கியது. அம்மா கொட்டாங்கச்சியில் மொண்டு, மண் தெளியும்வரை பொறுத்திருந்து, ஒரு வாய் குடித்தாள். பிறகு எனக்குக் கொடுத்தாள். மண்வாடை, அதற்குப் பின்னால் லேசான இனிப்பு. நல்ல தண்ணி. அத்தை குலவை போட்டாள். என்னைத் தூக்கிச் சுற்றினார்கள்.

குச்சிக்காரர் கரையிலிருந்து எட்டிப் பார்த்தார். "இது மேல்கசிவுங்க. ரெண்டு நாள்ல வத்திடும். எங்க பக்கம் இதைத் தண்ணின்னே சொல்ல மாட்டோம். ஓட்டம் கீழ இருக்கு. இன்னும் போங்க."

ஆண்களுக்கு அது பிடித்திருந்தது. ஆழக் கிணறு என்றால் ஒரு கௌரவம். இடுப்பளவுக் குழியைக் காட்டி என்ன பெருமை பேச முடியும்? போனார்கள். மணல் முடிந்து களிமண் வந்தது. கறுப்பாக, வழவழவென்று, அழுகின முட்டை நாற்றத்தோடு. அதற்குள்ளிருந்து சிப்பி வந்தது. கடலிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி, எங்கள் நடுத்தெருவில், பூமிக்கு அடியில் சிப்பி. பிள்ளைகளுக்கு அது புதையல். நான் பவுடர் டப்பா நிறையச் சேர்த்தேன். எந்த வீடு மாறும்போது அந்த டப்பா தொலைந்தது என்று தெரியவில்லை. கடல் ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? பெரியவர்கள் அதை மண்ணோடு கூடையில் அள்ளி வெளியே கொட்டினார்கள்.

களிமண்ணைக் குத்தி உடைத்ததும் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. உள்ளே நின்றவர்கள் மார்பளவு நனைந்து மேலே ஏறினார்கள். ஒரே ஆரவாரம். அப்பா கை நிறைய அள்ளி வாயில் ஊற்றினார். அடுத்த நொடியே துப்பினார்.

உப்பு. பிறகு எல்லோரும் குச்சிக்காரரைச் சுற்றிக்கொண்டார்கள். பண்ணை ஆள் அனுப்பி வந்தவன் என்றுகூட ஒருவர் சொன்னார். குச்சிக்காரர் குனிந்து, அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"தண்ணி இருக்கான்னு கேட்டீங்க. இருக்குன்னு சொன்னேன். நல்ல தண்ணியான்னு யாரும் கேக்கலிங்களே."

"அதையும் தனியாக் கேக்கணுமா?" என்றார் அப்பா.

"எங்க ஊர்ல தண்ணின்னாலே நல்ல தண்ணிதாங்க. ரெண்டு தண்ணி உண்டுன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் நம் ஆட்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அது உண்மையா, பலிக்குமா? குச்சி இழுத்தது உண்மை. தண்ணீர் வந்ததும் உண்மை. ஆனால் எங்கள் மண்ணில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தாலும் அது தண்ணீருக்கு மேலேதான் விழும். அங்கே தண்ணீர் பார்க்கிறவர் தோற்கவே முடியாது. தோற்க முடியாத இடத்தில் ஜெயித்ததை வைத்து நான் எதையும் நம்பத் தயாரில்லை. அவர் ஊரில் எப்படியோ எனக்குத் தெரியாது. குச்சி இழுக்காத இடங்களையும் யாராவது தோண்டிப் பார்த்திருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பைபாஸ் மனைக்காரர் இதற்கு மேல் என்னைக் கேட்க வேண்டாம்.

அன்று சாயங்காலமே காரியக்காரர் வந்தார். குழியை எட்டிப் பார்த்து, மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டார். "கடலையே கொண்டாந்துட்டீங்களே" என்றார். "நாளன்னிக்குக் காயிதம் எழுதிக் கொண்டாரேன். மனு வேணாம்னு கைநாட்டு வச்சுட்டு, கொடத்தத் தூக்கிட்டு வாங்க."

அவர் போனதும் தெரு கூடியது. சட்டம் எங்கே போய்விடப் போகிறது, அடுத்த வருஷம் மறுபடி கொடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் ஆரம்பித்தார். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றார் இன்னொருவர். அதுவும் பொய்யில்லை. சங்கத்துக்காரரான அப்பாவே தலையைக் குனிந்துகொண்டிருந்தார். கட்சி, சட்டம் என்று பேசுகிற சித்தப்பா துண்டை உதறி உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். கைநாட்டு வைத்துவிட்டால் நாங்கள் எந்நேரமும் எழுப்பி விரட்டக் கூடிய ஆட்கள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வைக்கத்தான் போகிறார்கள் என்று எனக்கு அழுகை வந்தது.

"காலையில குடிச்சமே, அது எந்தத் தண்ணி?" என்றாள் அம்மா.

"அது மேல்தண்ணி. வத்திடும்னு சொன்னாரே."

"வத்துச்சா? வத்துதான்னு பாக்குறதுக்குள்ளதான் கீழ போயிட்டீங்களே. வேற எடத்துல இன்னொரு குழி வெட்டுங்க. இடுப்பளவு போதும்."

"ஊரு சிரிக்கும்" என்றார் அப்பா.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

எங்கள் பக்கம் ஆண் வெட்டுவான், பெண் சுமப்பாள். வரப்பு வெட்டுவதானாலும் குளம் தூர்வாருவதானாலும் அப்படித்தான். பெண் குழிக்குள் இறங்கி வெட்டினால் ஊற்று அடைத்துக்கொள்ளும் என்று ஒரு பேச்சு வேறு இருந்தது. மறுநாள் விடியற்காலையில் அம்மாவும் அத்தையும் பக்கத்து வீட்டுப் பெண்களும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். உப்புக் குழிக்கு எட்டத்தில், தெருவின் மேற்கு முனையில், மணல் மேடாக இருந்த இடத்தில். "ஆழம் வேணாம். அகலமாப் போவோம்" என்று அம்மா காலாலேயே கோடு கிழித்தாள். நாலு கட்டில் போடுகிற அகலம்.

ஆண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். அப்போது பஸ் ரோட்டுப் பக்கமிருந்து குச்சிக்காரர் வந்தார். ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்திருந்தோம். மேல்துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடாக வைத்துக்கொண்டு, மண் நிறைந்த கூடையைத் தூக்கினார். பெண் வெட்டி ஆண் சுமப்பதை எங்கள் தெரு முதல்முதலாகப் பார்த்தது. சிறிது நேரத்தில் சித்தப்பாவும் வந்தார். அந்தப் புனிதமான துண்டு அன்றைக்குச் சும்மாடானது. கடைசியாக அப்பா வந்து மண்வெட்டிக்குக் கையை நீட்டினார்.

"நீங்க சொமங்க" என்றாள் அம்மா. "உங்ககிட்ட குடுத்தா மறுபடியும் கடலுக்குப் போயிடுவீங்க."

உச்சிப்பொழுதுக்குள் இடுப்பளவு ஆயிற்று. நீர் கசிந்து தேங்கியது. அம்மா மண்வெட்டியைக் கரையில் போட்டுவிட்டு, இதற்குமேல் யாரும் ஒரு கொத்துக் கொத்தக் கூடாது என்றாள். கொட்டாங்கச்சியில் மொண்டு குச்சிக்காரரிடம் நீட்டினாள்.

"இப்பக் கேக்குறேன். இது நல்ல தண்ணியா?"

அவர் மெதுவாகக் குடித்தார். "நல்ல தண்ணிதாங்க" என்றார். கண் கலங்கியிருந்தது.

வற்றுமா என்பதுதான் மிச்சம். அன்று மாலைக்குள் ஆளுக்கொரு குடமாக மொண்டு சேறு தெரியும்வரை இறைத்துவிட்டோம். இரவு அம்மா தூங்கினாளா தெரியாது. காலையில் போய்ப் பார்த்தபோது தண்ணீர் பழைய மட்டத்தில் நின்றது, கண்ணாடியாகத் தெளிந்து.

காரியக்காரர் வெயில் ஏறியதும் வந்தார், கையில் காகிதத்தோடும் மைப்பெட்டியோடும். குழியைச் சுற்றிப் பெண்கள் நிறைகுடங்களோடு நின்றார்கள். அவர் குடங்களைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"இதுவும் உப்பாத்தான் இருக்கும்" என்றார்.

அம்மா வீட்டுக்குள் போய் எங்களிடம் இருந்த ஒரே பித்தளைச் செம்பை எடுத்துவந்து, விளக்கி, மொண்டு, அவருக்கு நேரே நீட்டினாள்.

"குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

எங்கள் தெருவில் யார் கையாலும் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அவர் அப்பா குடித்ததில்லை. பண்ணையில் இருந்த யாருமே குடித்ததில்லை. அது உப்பா இல்லையா என்று அவருக்குத் தெரிய வேண்டுமென்றால் இப்போது குடித்தாக வேண்டும். குடிக்கவில்லை என்றால் எங்கள் பேச்சை நம்பியாக வேண்டும். அவ்வளவு வெயிலில் நடந்து வந்தவர். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். குச்சிக்காரர் பக்கம் திரும்பினார்.

"யோவ், நீ வெளியூர்க்காரன். நீ சொல்லு. நல்ல தண்ணியா?"

"எனக்குத் தண்ணி இருக்கா இல்லையான்னு மட்டுந்தாங்க சொல்லத் தெரியும்" என்றார் குச்சிக்காரர்.

காரியக்காரர் காகிதத்தை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வந்த வழியே நடந்தார். அவர் தெரு திரும்பும்வரை அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. அப்புறம் செம்பை அண்ணாந்து தன் வாயில் ஊற்றி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் எங்களைப் பார்த்து. "போயி ஒலைய வைங்க."